ம்ஹூம் என்றால் ஆமாம்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஒரு பெரிய மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சை வார்டில் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது நாள். வயிற்றில் ஆபரேஷன் முடிந்து வந்திருந்த ஒரு பெரியவருக்கு மார்ஃபின் கொடுத்திருந்தோம். அரை மணி நேரம் கழித்து, வலி குறைந்திருக்கிறதா என்று கேட்டேன். கண்ணை மூடியபடி, உதட்டைத் திறக்காமலே, "ம்ஹ்ம்" என்றார்.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. எங்கள் வீட்டில் "ம்ஹூம்" என்றால் இல்லை. சோறு வேண்டாம் என்று முகத்தைத் திருப்பும் குழந்தை சொல்வது அதுதான். கடன் கேட்டு வந்தவருக்கு அப்பா வாயைத் திறக்காமல் சொல்லும் பதிலும் அதுதான். பிறந்ததிலிருந்து கேட்ட ஒலி ஆயிற்றே, ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. வலி குறையவில்லை என்று முடிவுகட்டி, இன்னொரு தடவை மருந்து கொடுக்கலாமா என்று கேட்கப் போனேன். பொறுப்பு நர்ஸ் என்னோடு வந்து பெரியவரிடம் ஒரே கேள்வி கேட்டார்: பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலிக்கு என்ன எண் கொடுப்பீர்கள்? பெரியவர் "டூ" என்றார். அவருக்கு வலி கிட்டத்தட்ட அடங்கியே விட்டது. மார்ஃபின் அளவு கூடினால் மூச்சை மந்தப்படுத்தும் மருந்து. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

பிறகு உட்கார்ந்து யோசித்தபோதுதான் வித்தியாசம் பிடிபட்டது. ஆங்கிலக்காரர்களின் "ம்ஹ்ம்" நடுவில் மூச்சு விட்டு, முடிவில் குரல் மேலே ஏறும். அது ஆமாம். வாயைத் திறந்து சொன்னால் "அஹா". இல்லை என்பதற்கு அவர்கள் நடுவில் மூச்சு விடுவதில்லை. தொண்டையை டக்கென்று அடைத்து இரண்டு துண்டாக "ம்-ம்" அல்லது "அ-அ" என்பார்கள், முடிவில் குரல் இறங்கும். நம்முடைய "ம்ஹூம்" இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. மூச்சு அவர்களுடைய ஆமாமைப் போல. இறங்கும் குரல் அவர்களுடைய இல்லையைப் போல. அதனால் இந்த ஊருக்கு வரும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: மூச்சை நம்பாதே, குரல் எங்கே முடிகிறது என்று கேள். அதோடு, நோயாளியிடம் நீ "ம்ஹூம்" என்று சொல்வதை இன்றோடு நிறுத்திவிடு. அவர் காதில் அது ஆமாம் என்று விழ வாய்ப்பிருக்கிறது.

பள்ளியில் நமக்குச் சொல்லிக்கொடுத்தது யெஸ், நோ, ஓகே. மருத்துவத் துறையினருக்கான ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வுக்காக மாதக்கணக்கில் ஒலிப்பதிவுகள் கேட்டேன், நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆனால் வார்டுக்குள் நுழைந்தால் "யெஸ்" என்ற சொல்லை முழுதாகக் கேட்பதே அபூர்வம். யா, யெப், யப், ஐ, அஹா, ரைட், ஓகி டோகி, நே பாதர், ஃபேர் இனஃப் என்று நாள் முழுக்க வந்துகொண்டிருக்கும். எல்லாவற்றையும் ஆமாம் என்று மனப்பாடம் செய்தால் பிழைக்க முடியாது, ஒவ்வொன்றின் எடையும் வேறு. "யா" எங்கும் செல்லும். "யெப்" என்பது சொல்லி முடித்ததும் உதடு மூடிக்கொள்வதால் வரும் ப். "நோப்" என்பதும் அப்படித்தான். வாய் மூடுகிறது, பேச்சு முடிந்தது. அதனால் கூட வேலை செய்பவர்களுக்குள் வேகமாகச் சொல்லச் சரியாக இருக்கும், கவலையோடு கேள்வி கேட்கும் நோயாளியின் மகளிடம் சொன்னால் கதவைச் சாத்துவது போலிருக்கும். "நே பாதர்" நம் "அதுக்கென்ன" மாதிரி. ஒரு உதவி கேட்டால் மனதோடு சொல்வது. "ஃபேர் இனஃப்" என்றால் நீ சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, இதற்கு மேல் நான் வாதாடவில்லை என்று அர்த்தம். முழு மனதோடு ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தனியாக, அழுத்தமாக வரும் "ரைட்" சம்மதமே இல்லை. "சரி, கிளம்பலாமா" என்பதில் வரும் சரி அது. அதைக் கேட்டால் எழுந்திருக்க வேண்டும்.

இந்த ஊரில் அதிகம் காதில் விழும் சொல் "ஐ". நான் என்பதற்கான ஆங்கிலச் சொல்லும் இதுவும் ஒலியில் ஒன்றே. முதல் வாரம் முழுக்க, தண்ணீர் வேண்டுமா என்று கேட்பேன், "ஐ" என்பார்கள், மீதி வாக்கியம் வரும் என்று கையில் குவளையோடு காத்து நிற்பேன். அவர்கள் என்னைப் பார்ப்பார்கள், நான் அவர்களைப் பார்ப்பேன். எங்கள் வார்டில் உதவியாளராக இருபது வருடமாக வேலை பார்த்த ஒரு யாழ்ப்பாணத்து அக்காதான் என்னைக் காப்பாற்றினார்.

"தங்கச்சி, அது எங்கட 'ஓம்' மாதிரி. முடிஞ்சுது. தண்ணியக் குடுங்கோ" என்றார்.

அவர் சொன்ன ஒப்புமை எனக்கு அப்படியே பதிந்துவிட்டது. நாங்கள் ஆமா என்கிறோம், அவர்கள் ஓம் என்கிறார்கள். ஓம் என்பதைக் கொச்சை என்று யாரும் சொல்ல முடியுமா? நான் முதலில் "ஐ" என்பதைப் படிக்காதவர்கள் பேச்சு என்று நினைத்தேன், அதற்காக வெட்கப்படுகிறேன். லண்டன் நாடாளுமன்றத்தின் கீழவையில் இன்றைக்கும் ஆதரவாக வாக்களிப்பவர்கள் சொல்வது "ஐ" தான். மேலவையில்தான் "கன்டென்ட்", "நாட் கன்டென்ட்" என்று வேறு வழக்கம். ஸ்காட்லாந்தில் அறுவைச் சிகிச்சை நிபுணரும் "ஐ" என்பார், தரையைத் துடைப்பவரும் "ஐ" என்பார்.

ஆனால் "ஐ, ரைட்" என்று இரண்டும் சேர்ந்து, குரல் நீண்டு வந்தால் பொருள் தலைகீழ். "ஆமாமா, நடந்துட்டாலும்" என்று நாம் இழுப்போமே, அது. கிளாஸ்கோவில் இது எவ்வளவு பழக்கமென்றால், அந்த ஊரின் புத்தகத் திருவிழாவுக்கே இதை வைத்துச் சொல் விளையாட்டாக "ஐ ரைட்" என்று பெயர். அதில் வரும் ரைட் எழுதுவது. இந்தத் தலைகீழ்ப் பொருள் அப்போது எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் போனதும் சிகரெட்டை விடுவீர்களா என்று டாக்டர் கேட்டபோது ஒரு நோயாளி "ஐ, ரைட்" என்றார், நான் "நோயாளி சம்மதித்தார்" என்று குறிப்பில் எழுதினேன். அடுத்த ஷிஃப்ட் நர்ஸ் அதைப் படித்துவிட்டு அவரிடம் போய்ப் பேசி, அவர் விடுவதாகவே இல்லை என்று தெரிந்து திருத்தினார். அவருக்கு உண்மையில் தேவைப்பட்ட உதவியை என் ஒரு வரி மறைக்கப் பார்த்தது. அப்போதிலிருந்து நோயாளி சொன்ன சொல்லையே மேற்கோளாக எழுதுகிறேன், என் விளக்கத்தை எழுதுவதில்லை.

என் ஆச்சி கதை சொல்லும்போது நாங்கள் உம் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கொட்டாவிட்டால் "தூங்கிட்டியாட்டி?" என்று நிறுத்திவிடுவாள். அந்த "உம்" கதையில் ராஜா செய்தது சரி என்று ஒப்புக்கொள்வது கிடையாது. கேட்டுக்கொண்டிருக்கிறேன் ஆச்சி, மேலே சொல் என்பதுதான். ஆங்கிலத்தில் யா, ம்ஹ்ம், ரைட், ஓகே எல்லாமே பாதி நேரம் இந்த உம்தான். ஆபரேஷனில் என்னென்ன ஆபத்து என்று டாக்டர் ஐந்து நிமிடம் விளக்குகிறார், நோயாளி இடையிடையே "யா, யா, ஓகே" என்கிறார். டாக்டர் போனபின் என்னைப் பார்த்து, "அவர் என்ன சொன்னார்?" என்று கேட்கிறார். இதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை. உம் கொட்டியதைச் சம்மதம் என்று வைத்துக்கொள்ளக் கூடாது. இங்கே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பழக்கம் ஒன்று உண்டு: புரிந்ததா என்று கேட்காமல், "வீட்டுக்குப் போய் உங்கள் மனைவியிடம் இதை எப்படிச் சொல்வீர்கள், என்னிடம் சொல்லிக் காட்டுங்கள்" என்று கேட்பது. அவர் தன் வாயால் சொன்னால்தான் விளங்கியதாக அர்த்தம்.

தொலைபேசியில் இதுவே மறுபக்கமாக வரும். எதிரில் இருப்பவர் பேசும்போது நான் மரியாதையாக வாய் மூடிக் கேட்டுக்கொண்டிருப்பேன். "ஆர் யூ ஸ்டில் தேர்?" என்று கேட்டுவிடுவார்கள். அவர்களுக்கும் ஆச்சியைப் போல உம் வேண்டும். ஆய்வகத்திலிருந்து ரத்தப் பரிசோதனை முடிவு சொல்லும்போது நான் இப்போது "ம்ஹ்ம்" கொட்டுகிறேன். முடிந்ததும் எண்களைத் திரும்பப் படித்துக் காட்டுகிறேன்.

இனி சொல்லப்போவது நான் செய்த பெரிய தவறு. இதைச் சொல்லத்தான் இவ்வளவையும் எழுத ஆரம்பித்தேன்.

ஒரு மாலை, தாழ்வாரத்தில் வேகமாக நடந்துகொண்டே பொறுப்பு நர்ஸ் என்னிடம் கேட்டார். நான்காம் கட்டில் அம்மாவுக்கு ஆறு மணி ஆன்டிபயாடிக் நீ கொடுக்கவில்லையா என்று, ஆங்கிலத்தில், எதிர்மறையாக. நான் கொடுக்கவில்லை. கையில் ஊசி போட்டிருந்த இடம் வீங்கியிருந்ததால் வேறு இடத்தில் போடக் காத்திருந்தேன். "யெஸ்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

தமிழில் இது சரியான பதில். "கொடுக்கலையா?" என்றால் "ஆமா, கொடுக்கல". கேட்டவர் சொன்ன வாக்கியத்தோடு நாம் ஒத்துப்போகிறோம். ஆங்கிலம் அப்படி இல்லை. கேள்வி எந்தப் பக்கமிருந்து வந்தாலும், காரியம் நடந்திருந்தால் யெஸ், நடக்கவில்லை என்றால் நோ. என் யெஸ் அவருக்கு, கொடுத்துவிட்டேன் என்று கேட்டது. மருந்து அட்டையில் கையெழுத்துக் கட்டம் காலியாக இருப்பதை அவரே எட்டு மணிக்குப் பார்த்துத் திரும்பி வந்ததால் தப்பித்தோம். அந்த அம்மாவுக்குக் கேடு எதுவும் வரவில்லை. ஆனால் கடுமையான தொற்றோடு படுத்திருந்தவருக்கு இரண்டு மணி நேரத் தாமதம் சின்ன விஷயம் கிடையாது.

பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். பழைய ஆங்கிலத்தில் ஆமாமுக்கே இரண்டு சொற்கள் இருந்தன. சாதாரணக் கேள்விக்கு "யே". எதிர்மறையாகக் கேட்ட கேள்வியை மறுத்து, இல்லை, அது நடந்தது என்று சொல்ல மட்டும் "யெஸ்". சுமார் 400 ஆண்டுகளுக்கு முன் இந்த வேறுபாடு மங்கி, எல்லா இடத்துக்கும் யெஸ் வந்துவிட்டது. ஆக, "கொடுக்கலையா?" என்பதற்கு நான் சொன்ன யெஸ், அந்தச் சொல் பிறந்த காலத்திலிருந்தே "கொடுத்தாச்சே!" என்று அடித்துச் சொல்வதற்கான சொல். நான் சொல்ல நினைத்ததற்கு நேர் எதிரான சொல்லைத்தான் பொறுக்கி எடுத்திருக்கிறேன்.

அடுத்த மாதம் நோயாளி பாதுகாப்பு பற்றிய ஒரு பயிற்சி வகுப்பில், விமான விபத்து ஒன்றைச் சொன்னார்கள். 1977 மார்ச் 27, கானரித் தீவுகளில் டெனெரிஃப் விமான நிலையம், மூடுபனி. ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள். ஒரு விமானத்தின் விமானிகள், புறப்படுவதாகச் சொன்னார்கள். கட்டுப்பாட்டு அறையிலிருந்து "ஓகே" என்று பதில் வந்தது. பிறகு சின்ன இடைவெளி விட்டு, காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன் என்று சொன்னார். அதே நொடியில் மற்ற விமானமும் ரேடியோவில் பேசியதால் அந்தப் பின்பாதி வெறும் கீச்சொலியாகப் போய்விட்டது. விமானம் அதற்குள் ஓட ஆரம்பித்திருந்தது. 583 பேர் இறந்தார்கள். மூடுபனி, அவசரம், நெரிசல் என்று காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று அந்த "ஓகே". அது "கேட்டது" என்ற ஓகேயா, "போகலாம்" என்ற ஓகேயா? அதற்குப் பிறகு, புறப்பட அனுமதி தரும் இடத்தையும் அதை ரத்து செய்யும் இடத்தையும் தவிர வேறெங்கும் "டேக் ஆஃப்" என்ற சொல்லைப் பயன்படுத்தாமல் இருக்க விதியைக் கடுமையாக்கினார்கள். விமானிகள் ரேடியோவில் ஆமாம் என்பதற்கு "அஃபர்ம்" என்கிறார்கள்.

ஓகே என்ற சொல் 1839 மார்ச் 23 அன்று பாஸ்டன் மார்னிங் போஸ்ட் நாளிதழில், "ஆல் கரெக்ட்" என்பதை வேண்டுமென்றே "ஓல் கொரெக்ட்" என்று தப்பாக எழுதிச் சுருக்கிய வேடிக்கையாக அச்சேறியது. அன்று அதன் பொருள் எல்லாம் சரி. இன்று கேட்டேன், புரிந்தது, சம்மதம், பரவாயில்லை, போதும் நிறுத்து என்று ஐந்தாறு வேலை அதற்கு. நம் "சரி" படும் பாடும் இதேதான். ஆகவே வேலை நேரத்தில் ஓகேயை நான் தனியாக விடுவதில்லை. "ஓகே, நான் இப்போதே கொடுக்கிறேன்" அல்லது "ஓகே, புரிந்தது, ஆனால் டாக்டரைக் கேட்டபிறகே செய்வேன்" என்று வாலையும் சேர்த்துச் சொல்கிறேன்.

வால் சேர்க்கும் இந்தப் பழக்கத்தை எனக்குச் சரியாகப் புரியவைத்தவர் ஒரு நோயாளி. ஸ்காட்லாந்தின் வடமேற்கே உள்ள லூயிஸ் தீவிலிருந்து வந்த முதியவர். கேள்வி கேட்டால் "ஐ" என்பதை மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே சொல்வார், திடுக்கிட்டவர் போல. எனக்கு மூச்சுத்திணறல் என்று பயம். விரலில் கருவியை மாட்டினேன், ஆக்சிஜன் 97 சதவீதம், சரியாகத்தான் இருந்தது. இரண்டு முறை பார்த்தபிறகு அவரே கையைப் பிடித்து, எங்கள் பக்கத்து வழக்கம் இது, பயப்படாதே என்றார். வடக்கு ஸ்காட்லாந்திலும் தீவுகளிலும், ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் ஆமாமை இப்படி உள்மூச்சில் சொல்பவர்கள் உண்டு. புதிதாக வரும் நர்ஸ்களுக்கு இதை யாராவது முன்கூட்டியே சொல்ல வேண்டும். வெறும் வழக்கத்துக்காக ஒரு மனிதரைப் பயமுறுத்த வேண்டியதில்லை. அதே சமயம் கருவியை மாட்டிப் பார்த்ததும் தவறில்லை.

அவருடைய தாய்மொழி கேலிக், ஸ்காட்லாந்தின் பழைய மொழிகளில் ஒன்று. அந்த மொழியில் ஆமாம், இல்லை என்று தனிச் சொற்களே கிடையாது என்றார். சாப்பிட்டாயா என்று கேட்டால் சாப்பிட்டேன் என்பார்கள், அல்லது சாப்பிடவில்லை. வினைச்சொல்லே பதில். எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாமும் அப்படித்தானே பேசுகிறோம்? "மருந்து போட்டியா?" "போட்டேன்." "வந்துட்டானா?" "வரல." ஆமாம் என்று தொடங்குவதைவிட இப்படி நேராகச் சொல்வதே நமக்கு இயல்பு. அந்த நல்ல பழக்கத்தை ஊரில் விட்டுவிட்டு, ஆங்கிலம் என்றதும் வெறும் யெஸ், யெஸ் என்று பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றிலிருந்து என் பதில்களில் வினை இருக்கும். கொடுக்கவில்லையா என்றால் "நோ, ஐ ஹாவென்ட் கிவன் இட்". யெஸ்ஸையோ நோவையோ நான் மாற்றிச் சொல்லிவிட்டாலும், பின்னால் வரும் வாக்கியம் காப்பாற்றிவிடும்.

கேள்வி கேட்கும்போதும் எதிர்மறையை விட்டேன். ஆபரேஷனுக்கு முன் "ஒன்றும் சாப்பிடவில்லையே?" என்று கேட்டால் "ஐ" என்று பதில் வரும், அதை வைத்து என்ன செய்வது? "கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டால் ஆமாம் இல்லைக்கு இடமே இல்லை. நேற்று ராத்திரி டோஸ்ட் என்றோ, காலையில் பால் ஊற்றிய டீ என்றோ வரும். அந்தப் பால் டீ தெரியாமல் போனால் மயக்க மருந்து கொடுக்கும்போது ஆபத்து.

இன்னும் சில, சுருக்கமாக. டீ வேண்டுமா என்று கேட்டு "ஐம் ஆல்ரைட், ஹென்" என்று பதில் வந்தால், வேண்டாம் என்று பொருள். பெண்களை இங்கே அன்பாக ஹென் என்பார்கள், நம் கண்ணு மாதிரி. "ஐம் ஓகே", "ஐம் ஃபைன்", "ஐம் குட்" எல்லாமே அந்த இடத்தில் மறுப்புதான். அதேபோல் நமக்கு டீ வேண்டுமென்றால் வெறும் ஓகே என்று சொல்லாமல் "யெஸ் ப்ளீஸ்" என்று சொல்ல வேண்டும். "யா, நோ" என்று சேர்த்து வந்தால் பெரும்பாலும் கடைசிச் சொல்லே பதில். முதல் சொல், நீ சொல்வது கேட்கிறது என்பதற்கு.

தலையாட்டுவதைச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியவில்லை. ஒரு பாட்டி என்னிடம், வெள்ளிக்கிழமைக்குள் வீட்டுக்குப் போய்விடுவேனா என்று கேட்டார். போகலாம் என்று எங்களுக்குத் தெரியும். நான் சிரித்துக்கொண்டே நம் வழக்கப்படி தலையைப் பக்கவாட்டில் ஆட்டினேன், ஆகட்டும் என்பது போல. அவர் முகம் வாடிவிட்டது. அந்த ஆட்டம் அவருக்கு, சொல்ல முடியாது, பார்க்கலாம் என்று பட்டிருக்கிறது. மாலையில் அவர் மகள் வந்து, அம்மா ஏன் அழுகிறார் என்று கேட்டபோதுதான் தெரிந்தது. ஓடிப்போய்க் கையைப் பிடித்து, "யெஸ், யூ ஆர் கோயிங் ஹோம் ஆன் ஃப்ரைடே" என்று முழு வாக்கியமாகச் சொன்னேன். சொல்லும்போது தலையை மேலும் கீழும் ஆட்டப் பழகிக்கொள்ளுங்கள். கண்ணாடி முன் நின்றுதான் நான் பழகினேன். இரண்டு மாதம் ஆனது.

போன வருடம் மதுரையிலிருந்து வந்த ஒரு பெண் என்னிடம், "அக்கா, நானும் ஐ சொல்லலாமா? சொன்னா சீக்கிரம் ஒட்டிக்கலாம்ல?" என்று கேட்டாள். வலிந்து சொல்லாதே, உன் யெஸ்ஸும் வினையும் போதும், நோயாளிக்கு வேண்டியது தெளிவுதான் என்றேன். வரும்போது தானாக வரும். எனக்கு நான்காவது வருடம், ஒரு இரவுப் பணியில் வந்தது. இரண்டு மணி இருக்கும். தண்ணீர் இருக்கிறதா, ஹென் என்று ஒருவர் இருட்டில் கேட்டார். "ஐ, இருக்கிறது, இந்தாங்க" என்று அவர்கள் மொழியில் சொல்லிக் குவளையைக் கொடுத்தேன். அவர் எதையும் கவனிக்கவில்லை. குடித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.